பகலுக்குத் தோல், இரவுக்குச் செயின்

காலை ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடம். மெல்பேர்ணின் நோபல் பார்க் ரயில் நிலையத்தில் நான் முதலில் கண்டது ஓர் இளைஞனின் முதுகுப்புறம். கில்ட் உடுத்தியிருந்தான், ஸ்கொட்லாந்துக்காரர் விசேஷங்களுக்குக் கட்டும் மடிப்புப் பாவாடை. முழங்கால்வரை வெள்ளைக் கம்பளிக் காலுறை, அதற்குக் கீழே ஓட்டப்பந்தயச் சப்பாத்து. யாரோ சிநேகிதனின் கல்யாணமாக இருக்கும். இடுப்பைச் சுற்றி வெள்ளி நிறச் செயின் ஒன்று ஓடியது. அது உரசிய இடத்தில் கம்பளி நூல் பொங்கியிருந்தது.

“தம்பி, பகலில் செயின் போடக்கூடாது” என்று சொல்ல வாய் வந்தது. நல்ல வேளை, ரயிலும் வந்தது.

எழுபதுகளில், மெல்பேர்ணுக்கு வந்த புதிதில், நான் கில்ட் விற்றவன். அதற்கு முன் கொழும்பில் ஒரு பத்திரிகையில் அச்சுப்படி திருத்திக்கொண்டிருந்தேன். இங்கே எந்தப் பத்திரிகையும் என் ஆங்கிலத்தை நம்பவில்லை. கில்ட் கடை நடத்திய மிஸிஸ் ரொஸ் மட்டும் நம்பினார். வேலை கேட்டுப் போன அன்றே அவருடைய விலைப்பட்டியலில் இரண்டு எழுத்துப்பிழைகளைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, “நாளைக்கு வா” என்றார்.

கடைக்குள் ஈரக் கம்பளி, தோல் மெழுகு, பூச்சி உருண்டை மூன்றும் சேர்ந்த வாசம். பூச்சி உருண்டை மணக்கும்போதெல்லாம் என் மனைவி யோகத்தின் கூறைச்சேலைப் பெட்டி நினைவுக்கு வரும். அந்தப் பெட்டி யாழ்ப்பாணத்தில் இருந்தது. யோகம் என்னோடு இரண்டு அறை ஃபிளாட்டில் இருந்தாள்.

கில்ட்டில் சட்டைப்பை மாதிரி ஒன்றும் கிடையாது. அதனால் முன்பக்கம், அடிவயிற்றுக்குக் கீழே, ஒரு சின்னப் பையைத் தொங்கவிடுவார்கள். பெயர் ஸ்பொரன். முதல் நாள் அதைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்களூரில் பெண்குழந்தையின் அரைஞாணில், மானத்தை மறைக்க, அரசிலை போல ஒரு வெள்ளித் தகடு கோத்துவிடுவார்கள், அரைமூடி என்போம். அந்த அரைமூடி வளர்ந்து, மயிர் முளைத்து, ஐம்பது வயது ஆண்களின் இடுப்பில் ஏறியிருந்தது. என்ன சிரிப்பு என்று மிஸிஸ் ரொஸ் கேட்டார். இருமல் என்றேன்.

வந்தவர்கள் பையைச் சீக்கிரம் தெரிந்தெடுத்துவிடுவார்கள். அதைக் கட்டும் வாரில்தான் தடுமாறுவார்கள்: தோலா, செயினா? மிஸிஸ் ரொஸ் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பார். “பகலா, இரவா?” பகல் என்றால் தோல், சத்தம் போடாது, பாரமில்லை. இரவு விருந்து என்றால் செயின்; விளக்கில் மின்னும். பிறகு ஒரு பழைய கில்ட்டின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டுவார். “செயின் அழகுதான். ஆனால் துணியைத் தின்னும்.” இந்த வசனத்தை நானும் பாடமாக்கி, யாழ்ப்பாணத்து ஆங்கிலத்தில் ஒப்புவித்தேன். பலர் இரண்டாம் முறை சொல்லச் சொன்னார்கள்.

கல்லாவுக்குப் பின்னால் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் அவருடைய கணவரின் விருந்து ஸ்பொரன். கடையில் இருந்த செயின்களெல்லாம் பூச்சு; அதில் இருந்தது மட்டும் அசல் வெள்ளி, நெல்மணி அளவு வளையங்கள். பக்கத்தில் ஓர் அட்டை: விற்பனைக்கு அல்ல.

மூன்றாம் வருடம் மகள் பிறந்தாள். முப்பத்தோராம் நாள் துடக்கு, அதாவது பிள்ளைப்பேற்றுத் தீட்டு, கழிப்பார்கள்; அன்று பிள்ளைக்கு அரைஞாண் கட்ட வேண்டும். வெள்ளி அரைஞாண்கொடி ஒன்றைப் பார்சலில் அனுப்பிவிட்டதாக மாமி, யோகத்தின் அம்மா, ஏரோகிராமில் எழுதியிருந்தார். இருபத்தைந்தாம் நாள்வரை பார்சலைக் காணவில்லை. இந்தியரோ இலங்கையரோ நடத்தும் நகைக்கடை எதுவும் எங்கள் கண்ணில் பட்டதில்லை.

“கறுப்பு நூல் கட்டுவமே?” என்று கேட்டேன்.

“அக்காவின்ர மூண்டுக்கும் வெள்ளி. என்ர பிள்ளைக்கு நூலோ?” என்றாள் யோகம். “இஞ்சை அம்மா இல்லை, அக்கா இல்லை, ஐயர் இல்லை. இதாவது இருக்கட்டுமே.”

அவள் அழவில்லை. மடித்த நாப்கினையே விரித்து மறுபடி மடித்தாள்.

மறுநாள் கடையிலிருந்து மெத்தென்ற கன்றுத்தோல் வார் ஒன்று கொண்டுபோனேன்.

“இஞ்சேருங்கோ, மாட்டுத்தோலைப் பிள்ளையின்ர அரையிலை கட்டுறதோ? விசரே உங்களுக்கு?”

“ஆட்டுத்தோல் எண்டால்?”

“ஓம், ரெண்டு தடியும் வாங்கி வாங்கோ. மேளமும் அடிக்கலாம்.”

அதற்கடுத்த நாள் பூச்சுச் செயின் துண்டொன்று. அதை அவள் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒரு பகல் முழுக்கக் குசினியில் சமைத்துக்கொண்டு நின்றாள். பின்னேரம் கழுத்தைச் சுற்றிச் சிவப்பாய் ஒரு கோடு. “என்ர தோலே தாங்கேல்லை” என்று கழற்றி என் கையில் வைத்தாள்.

இருபத்தொன்பதாம் நாள் வியாழக்கிழமை. செயின்கள் கிடந்த மேசை லாச்சியைக் கிளறிக்கொண்டிருந்த என்னிடம் மிஸிஸ் ரொஸ் வந்தார்.

“யாருக்கு?”

“என் மகளுக்கு.”

“வயது?”

“இருபத்தொன்பது நாள்.”

கதையைச் சொன்னேன். ஒரு தடவைகூடச் சிரிக்காமல் கேட்டுவிட்டு, எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டார். “பகலா, இரவா?”

“இரண்டும். கழற்றுவதில்லை.”

அவர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். நான் வேண்டாம் என்றேன். “துணியைத்தானே தின்னும்?” என்றார். “குழந்தை துணி உடுத்துவதில்லையே.”

என் சட்டைப்பையில் அளவுநூல் இருந்தது. பதினாறு அங்குலம். குறட்டால் வளையத்தைப் பிரிக்குமுன், “வளருவாள்” என்று இரண்டு அங்குலம் கூட விட்டார். “இது இரவல். அவளுக்குச் சிறிதானதும் கொண்டு வா.”

யோகம் அதைக் கொதிநீரில் போட்டு எடுத்து, விபூதியால் தேய்த்தாள். பிறகுதான் கேட்டாள்.

“ஆற்றை இது?”

“மிஸிஸ் ரொஸ்ஸின்ர மனுசன்ரை.”

“அவர் எங்கை?”

இங்கே ஒரு சின்னப் பொய் சொல்லியிருக்கலாம். பத்திரிகைப் பழக்கம் விடவில்லை. “செத்துப்போனார்” என்றேன்.

தேய்த்த கை நின்றது. செத்த ஆளின் உடைமை, முப்பத்தோராம் நாள், பச்சைக் குழந்தை. திருப்பிக் கொண்டுபோய்க் கொடுங்கோ என்று சொல்லப்போகிறாள் என்றே நினைத்தேன்.

“நல்லா இருந்த மனுசனோ?”

“நான் கேக்கேல்லை.”

“கேட்டுக்கொண்டு வாங்கோ.”

மறுநாள் காலை, கடை திறந்ததும் கேட்டேன். இவ்வளவு அந்தரமான கேள்வியை எந்தச் செய்திக்காகவும் நான் கேட்டதில்லை. மிஸிஸ் ரொஸ் குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் போட்டுக்கொண்டே சொன்னார். “எண்பத்தொரு வயது. ஒரு நாள்கூட நோயில் படுக்கவில்லை. கடைசி மாலை சூப்பில் உப்பில்லை என்று என்னோடு சண்டை. அதற்குப் பிறகு இரண்டு நடனம் ஆடினார்.”

வீட்டுக்கு வந்து சொல் மாறாமல் சொன்னேன்.

“சூப்பிலை உப்பில்லையாமோ?”

“ஓம்.”

“அப்ப கட்டலாம்” என்றாள் யோகம்.

சனிக்கிழமை மிஸிஸ் ரொஸ் தொப்பியோடு வந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றி, கதிரையைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பாயில் முழந்தாளிட்டார். “நீங்களே கட்டுங்கோ, அன்ரி” என்று யோகம் பிள்ளையை நீட்டினாள். மொழி விளங்காவிட்டாலும் நீட்டியது விளங்கியது. கொக்கியை மாட்டிவிட்டு, கடையில் செய்வது போலவே, செயினுக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் விட்டுப் பார்த்தார். பிறகு சற்றுப் பின்னால் சாய்ந்து, “பை எங்கே?” என்று கேட்டார்.

நான் மொழிபெயர்த்தேன். அந்த மாதத்தில் யோகம் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

திங்கட்கிழமை போனபோது கண்ணாடிப் பெட்டியில் அந்த ஸ்பொரன் கறுப்புத் தோல் வாரோடு தொங்கியது. விஷயம் தெரிந்த கிழவர்கள் சும்மா விடவில்லை. “விருந்துப் பைக்குத் தோலா? என்ன அநியாயம், மிஸிஸ் ரொஸ்!”

“செயின் ஒரு சீமாட்டியோடு வெளியே போயிருக்கிறது” என்பார் அவர்.

மகளுக்குப் பதினான்கு மாதமானபோது செயின் இறுகிவிட்டது. கழற்றிப் பஞ்சில் சுற்றி வைத்தோம். அதே வாரம் சிட்னியில் ஓர் அச்சகத்தில் எனக்குத் திருத்தும் வேலை கிடைத்தது. சாமான் கட்டும் அவசரத்தில், அடுத்த முறை மெல்பேர்ண் வரும்போது கொடுக்கலாம் என்று யோகத்திடம் சொன்னேன். அடுத்த முறை வர நான்கு வருடங்கள் ஆயின. கடைக் கண்ணாடியில் வேறு பெயர். பக்கத்துச் சலூன்காரருக்கு, மிஸிஸ் ரொஸ் தன் தங்கையிடம் போய்விட்டார் என்பது தெரியும். தங்கை எங்கே என்று தெரியாது.

இன்று ட்ராமில் மணியடித்து டிக்கெட் கிழித்த கண்டக்டர்கள் இல்லை. ஏரோகிராமும் இல்லை. கடை இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசி உறைகள் விற்கிறார்கள். அங்கும் வருகிறவர்கள் தோலா, பிளாஸ்டிக்கா என்று தடுமாறுவதைப் பார்த்தேன். மகள் சிட்னியில், வெஸ்ட்மீட்டில், ஓர் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள். இந்தக் கதையை ஆங்கிலத்தில்தான் கேட்பாள். மாமி அனுப்பிய பார்சல் வரவேயில்லை.

செயின் எங்கள் அலுமாரியில் இருக்கிறது. பதினெட்டு அங்குலம்.