மரத்துப்போன எனக்கும் பதில் வந்தது

என் மகள் எஸ்தர் குழாயடியில் வழுக்கி விழுந்து நெற்றி பிளந்து வந்தாள். அவள் இரத்தத்தை நான் பாத்திரம் கழுவுகிறதுபோலக் கழுவினேன். துணியைக் கிழித்துக் கட்டினேன். மறுபடி அடுப்புக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். பக்கத்து அறை மராத்திக்காரப் பெண் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை அலறுகிறாள், பெற்றவள் முகத்தில் ஒன்றுமே இல்லையே என்று அவள் நினைத்திருப்பாள். அது எனக்கும் தெரிந்தது. தெரிந்தும் ஒன்றும் தோன்றவில்லை.

அப்படி ஆகிவிட்டிருந்தேன். தாராவியில் என்னோடு ஒரே கோயிலில் முழங்கால் போடுகிற உங்களுக்கு, ஆண்டவர் அந்த நிலையில் இருந்த எனக்கு என்ன செய்தார் என்று சொல்லத்தான் எழுந்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் ஜெயசீலனை உங்களுக்குத் தெரியும். டிராம்பேயில் பெட்ரோல் சுத்திகரிக்கிற எண்ணெய்க் கம்பெனியில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் அடித்தொண்டைக் குரல் அவருடையது. கோயிலுக்கு அவர் குடித்துவிட்டு வந்ததே இல்லை. அதனால்தான் உங்களுக்கு மற்ற ஆறு நாட்களும் தெரியாது.

முதல் வாய் கம்பெனியில் ஒரு கல்யாண விருந்தில். அப்போது பம்பாயில் மதுவிலக்கு. பர்மிட் உள்ள பெரியவர்கள் மட்டும் கடையில் வாங்கலாம். அவருடைய தலைமை ஃபிட்டருக்குப் பர்மிட் இருந்தது. "சும்மா கம்பெனிக்காவத்தான் ஒரு வாய் குடிச்சேன், ரூபி. வேண்டாம்னா மரியாதக் கொறவா நெனப்பாங்க" என்றார். நானும் சரி என்றேன். பிறகு சம்பள நாளில் மட்டும். பிறகு சனிக்கிழமைதோறும். பிறகு, சதுப்பில் காய்ச்சி லாரி டியூபில் அடைத்துக் கொண்டுவருகிற கள்ளச்சாராயத்தைக் குடிசையில் விற்கிற, எல்லாரும் ஆன்ட்டி என்று கூப்பிடுகிற ஒருத்தியின் வீட்டில். வேலை முடிந்து வருகிற வழியில் அந்தக் குடிசை இருந்தது. சில நாள் வேலைக்குப் போகிற வழியிலும் இருந்தது.

முதலில் நான் அழுதேன். சண்டை போட்டேன். அவர் காலைப் பிடித்தேன். எஸ்தர் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினேன். சத்தியம் செய்யும்போது அவரும் அழுவார். உண்மையாகவே அழுவார். அடுத்த வாரம் அந்தச் சத்தியம் இருக்காது. இப்படியே போகப்போக எனக்குள் ஏதோ நின்றுவிட்டது. அவர் வந்தால் கதவைத் திறந்தேன். விழுந்தால் தூக்கினேன். வாந்தி எடுத்தால் துடைத்தேன். காலையில் எழுந்திருக்க முடியாவிட்டால், முனையில் இருந்த ஈரானி டீக்கடைக்குப் போய்க் கம்பெனிக்கு போன் பண்ணி, காய்ச்சல் என்று சொன்னேன். கடைக்காரர் நான் வருவதைப் பார்த்ததுமே போனை என் பக்கம் நகர்த்துவார்.

வெள்ளிக்கிழமைதோறும் நம்முடைய பெண்கள் கூட்டத்தில் எல்லாரும் விண்ணப்பம் சொல்வோம். என் முறை வரும்போது, "எங்க வீட்டு அவியளுக்கு வயித்துவலி, ஜெபம் பண்ணுங்க" என்பேன். நீங்களும் உருக்கமாக ஜெபித்தீர்கள். ஓமத் தண்ணீர் கொடுக்கச் சொன்னவர்கள் உண்டு. எலுமிச்சங்காய் ஊறுகாய் கொண்டுவந்து கொடுத்தவர்கள் உண்டு. நான் வாங்கிக்கொண்டு போனேன்.

எஸ்தருக்கு அடிபட்ட அந்த வாரம், குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு வரிசையில் நின்றபோது ஒரு ஜெபம் செய்தேன். அதை ஜெபம் என்று சொல்லலாமோ தெரியாது. கண்ணை மூடவில்லை. "ஆண்டவரே, எனக்கு ஒண்ணும் தோணல. உம்ம மேல நம்பிக்கை இருக்கான்னும் தெரியல. ஆனா வேற யாருட்டயும் கேக்க முடியாது. ஏதாவது செய்யும்." அவ்வளவுதான். முன்னால் நின்றவள் நகர்ந்தாள். நானும் குடத்தை நகர்த்தினேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. கூட்டத்தில் என் முறை வந்தது. வழக்கம்போலச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேறு வார்த்தை வந்தது.

"அவியளுக்கு வயித்துவலி இல்ல. குடி."

  எனக்கு வெட்கமும் வரவில்லை. ஐயரம்மா, அதாவது நம்முடைய சபைப் போதகர் ஐயரின் மனைவி, பாட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்தார். அதற்குள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்லத்தாய் அக்கா தரையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"எங்க வீட்லயும் அதான். எங்க அண்ணனுக்கு."

செல்லத்தாய் அக்கா தோல் கிடங்குக் கணக்கரின் மனைவி. எத்தனையோ வெள்ளிக்கிழமை ஒரே பாயில் உட்கார்ந்திருக்கிறோம். அவள் அண்ணன் ஆசீரைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை. "இப்போ அவன் குடிக்கதில்ல" என்றாள். "செம்பூர்ல ஒரு பள்ளிக்கூடத்துல ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஒரு கூட்டம் கூடுது. எல்லாம் குடிச்சிக் கெட்டவங்க. ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிடுவாங்க. வேற ஒண்ணும் செய்யதில்ல. ஆனா இவன் குடிய நிறுத்திட்டான்."

ஆசீர் அண்ணன் இரண்டு நாளில் வீட்டுக்கு வந்தார். திலக் நகரில் குடியிருப்பவர், ஆபீஸ் குமாஸ்தா, சலவைச் சட்டை. அவரைப் பார்த்தால் குடித்தவர் என்று சொல்ல முடியாது. என் வீட்டுக்காரர் அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "எனக்கு ஒரு நோக்காடும் இல்ல. நீரு போயிட்டு வாரும்" என்றார். ஆசீர் அண்ணன் கோபப்படவில்லை. போகிறபோது படிக்கட்டில், ஈரானி கடை போனைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"தங்கச்சி, ஒண்ணு மட்டும் கேளு. இனிமே கம்பெனிக்குப் போன் பண்ணி பொய் சொல்லப் போவாண்டாம். எங்க அம்மா எனக்காவ அப்படித்தான் சொல்லிட்டே இருந்தா. அவ சொல்லுத வரைக்கும் நான் குடிச்சேன்."

"வேல போயிரும் அண்ணா."

"போவலாம். அத ஆண்டவர் கையில விடு. உன் கையில அது நிக்கல, இல்லியா?"

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் கத்தினார். கூட்டத்தில் நான் சொன்னது அவர் காதுக்கு எட்டியிருந்தது. "ஊர்ச் சிரிப்பாச் சிரிக்க வச்சிட்டியே! இனி கோயில்ல எப்படி நின்னு பாடுவேன்?" என்றார். அடுத்த ஞாயிறு கோயிலுக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. முன்னைவிட அதிகமாகக் குடித்தார். ஜெபித்தேன், இன்னும் மோசமானது. உண்மையை அப்படியே சொல்கிறேன். நடுவில் ஒன்றும் நல்லதாக நடக்கவில்லை.

ஒரு நாள் காலை அவர் எழுந்திருக்கவில்லை. "போய் போனப் பண்ணு" என்றார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். "நான் போவல" என்றேன். திரும்பத் திரும்பச் சொன்னார். நான் அரிசியைக் களைந்துகொண்டே இருந்தேன். தைரியத்தால் அல்ல. எழுந்து போகத் தோன்றவில்லை, அவ்வளவுதான். கடைசியில் அவரே தள்ளாடிக்கொண்டு வேலைக்குப் போனார்.

மத்தியானமே திரும்பி வந்துவிட்டார். எண்ணெய் ஆலையில் ஒரு தீப்பொறி விழுந்தால் போதும். அங்கே வாயில் சாராய வாடையோடு ஸ்பானரைக் கையில் பிடித்து நின்றவரை வாசலுக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். அறைக்குள் வந்து சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். நல்ல வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்த்து எனக்கு வெகுநாள் ஆகியிருந்தது. வீங்கி, மஞ்சள் பாய்ந்து, வேறு யாரோபோல இருந்தார்.

"வேல போயிட்டு, ரூபி" என்றார். நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்தார். பிறகு கேட்டார்:

"அந்த ஆசீரு எங்க இருக்காருன்னு சொன்ன?"

அந்தக் கேள்விதான் என் குழாயடி ஜெபத்துக்குப் பதில் என்று இப்போது எனக்குத் தெரியும். அன்று தெரியவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு செல்லத்தாய் அக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

ஆசீர் அண்ணன் வந்ததும் முதலில் கேட்டது, கை நடுங்குகிறதா என்று. "திடீர்னு நிறுத்துனா ஆளு போயிருவான் தங்கச்சி. மொதல்ல டாக்டர்" என்று டாக்ஸி வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அங்கே என் வீட்டுக்காரர் சுவரில் இல்லாத பூச்சிகளைத் தட்டினார். என்னை யாரென்று கேட்டார். ஐயர் வந்து கட்டில் பக்கத்தில் நின்று ஜெபித்தார். பெண்கள் கூட்டத்திலிருந்து முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்தீர்கள். யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கஞ்சிக்கு நான் இன்று நன்றி சொல்கிறேன். அன்று சொல்லவில்லை.

உடம்பு தேறியதும் செம்பூர் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தார். அங்கே கோவாக்காரர், பஞ்சாபி, நம்முடைய ஆட்கள் எல்லாரும் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து பேசுவார்களாம். முதல் நாள் அவர் பம்பாய் இந்தியில் தன் பெயரையும், தான் குடிகாரன் என்பதையும் மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாராம். அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை மறுபடி குடியில் விழுந்தார். மறுநாள் தானே ஆசீர் அண்ணனிடம் போய்ச் சொன்னார். அதற்குப் பிறகு, கர்த்தருடைய கிருபையால், இந்த நாள் வரைக்கும் இல்லை. கம்பெனியிலும் ஐயர் போய்ப் பேசின பிறகு ஸ்டோர் ரூமில் சின்ன வேலை கொடுத்தார்கள். அவர் மறுபடி பாடகர் குழுவில் நின்ற ஞாயிறு உங்களில் பலர் அழுதீர்கள்.

நான் அழவில்லை. பலகையில் உட்கார்ந்திருந்தேன். அவர் குரல் கேட்டது. பக்கத்து அறை ரேடியோ கேட்கிறது போலக் கேட்டது.

அதுதான் என்னைப் பயப்படுத்தியிருக்க வேண்டும். பயமும் வரவில்லை. ஐயரம்மாவிடம் போய், "ஆண்டவர் கேட்டதக் குடுத்துட்டாரு. எனக்கு நன்றி வரல அம்மா" என்றேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "வாயால சொல்லிட்டிரு ரூபி. மனசு மெதுவா வரட்டும். அவரு காத்திருப்பாரு" என்றார். தினமும் வாயால் சொன்னேன். மரக்கட்டை பேசுகிறதுபோல இருந்தது.

அடுத்த மழைக்காலம். ஒரு நாள் காலையிலிருந்து கொட்டிய மழையில் குர்லாவில் தண்டவாளம் மூழ்கிவிட்டது. ரயில் இல்லை, பஸ்ஸும் இல்லை என்று மத்தியானமே சேதி வந்தது. அவர் வருகிற நேரம் தாண்டியது. முன்பெல்லாம் நேரம் தாண்டினால் எந்தக் குடிசையில் கிடக்கிறாரோ என்று நினைப்பேன்; அல்லது ஒன்றும் நினைக்கமாட்டேன். அன்று அந்த நினைப்பு வரவே இல்லை. வெள்ளத்தில் சாக்கடை மூடி திறந்து கிடக்குமே, கால் வைத்துவிட்டாரோ என்றுதான் நினைத்தேன்.  எஸ்தரைச் செல்லத்தாய் அக்காவிடம் விட்டுவிட்டு, முழங்கால் தண்ணீரில் சயான் ரோடு வரைக்கும் போய் நின்றேன். "என் ஆண்டவரே, என் ஆண்டவரே" என்று சத்தமாகவே சொன்னேன். போகிறவர்கள் பார்த்தார்கள்.

பொழுது சாய்கிற நேரத்தில் வந்தார். பூட்ஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, இடுப்புவரை சேறாக, தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"எங்க போய்த் தொலஞ்சீங்க?" என்று நடுரோட்டில் கத்தினேன். அவர் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தேன். அழுகை வந்தது. நிறுத்த முடியவில்லை.

அவர் பயந்துபோனார். "ஏட்டி, நான் குடிக்கல. சத்தியமா குடிக்கல. வேணும்னா மோந்து பாரு" என்றார்.

"அதுக்கில்ல" என்றேன். "அதுக்கில்ல."

என்னைப் பிடித்துக்கொண்டு அவர் அந்தத் தண்ணீரில் அப்படியே நின்றார். அன்றுதான் எனக்குப் பதில் வந்தது. அவருக்கு வந்து வெகுநாளுக்குப் பிறகு எனக்கு வந்தது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். இப்போது எனக்குக் கோபம் வருகிறது, சிரிப்பு வருகிறது, எஸ்தருக்குக் காய்ச்சல் அடித்தால் பயம் வருகிறது. எல்லாவற்றையும் ஆண்டவரிடமிருந்தே வாங்கிக்கொள்கிறேன்.

சகோதரிகளே, உங்களில் யாராவது ஒன்றும் தோன்றாமல் இங்கே உட்கார்ந்திருக்கலாம். விசுவாசம் வரட்டும், அழுகை வரட்டும், பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். ஒன்றும் தோன்றாமலே கேளுங்கள். வறண்ட வார்த்தையையும் ஆண்டவர் கேட்கிறார். என் வார்த்தையைக் கேட்டார். ஜெபித்த பிறகு, வீட்டில் இருப்பதை அதன் பெயரைச் சொல்லியே யாரிடமாவது சொல்லுங்கள். என்னிடம் வந்தாலும் சரி. நான் வீட்டில்தான் இருப்பேன். உங்களோடு செம்பூர் வரைக்கும் வருவேன்.