சைக்கிள் ஓட்டியது நான்தான்

யுத்தம் முடிந்த மறு வருஷம். எனக்குக் கல்யாணமாகி ஏழு மாதம் ஆகியிருந்தது. திருத்தணியில் மிஷன் பெண்கள் பள்ளியில் நான் டீச்சர். என் வீட்டுக்காரர் அரக்கோணம் ரயில்வே குட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா. பள்ளியை நடத்திவந்த வெள்ளைக்கார அம்மா ஊருக்குக் கப்பலேறும்போது தன்னுடைய லேடீஸ் சைக்கிளை எனக்கு விட்டுப் போயிருந்தார். பள்ளி மைதானத்தில் மூன்று வாரம் விழுந்து எழுந்து, முழங்கையெல்லாம் சிராய்த்துக்கொண்டு ஓட்டக் கற்றிருந்தேன். என் வீட்டுக்காரருக்கு ஓட்டத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. தானாக நிற்கக்கூட முடியாத ஒன்றின் மேல் மனுஷன் எப்படி நம்பி உட்காருவான் என்பார்.

ஆடிக் கிருத்திகை அன்று மத்தியானம், ஸ்டேஷனிலிருந்து ஒரு போர்ட்டர் வந்து அவர் கால் பிசகி பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னான். அரக்கோணத்தில் படி இறங்கும்போது மடங்கிவிட்டதாம்; எப்படியோ ரயிலேறித் திருத்தணி வரை வந்துவிட்டார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். அவருடைய கணுக்கால் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தது. ஊரில் உள்ள ஜட்கா எல்லாம் காவடிக் கூட்டத்துக்கே போதவில்லை. நிற்கிற வண்டி ஒன்றுகூட இல்லை.

அவரைக் கேரியரில் உட்காரவைத்து, கூட்டம் தீரும்வரை தள்ளிக்கொண்டே வந்தேன். எங்கள் வீட்டுக்குப் போகும் அரக்கோணம் ரோட்டில் ஆள் நடமாட்டம் குறைந்ததும் புடவையைச் செருகிக்கொண்டு ஏறி மிதித்தேன். முதல் கொஞ்ச தூரம் வண்டி பாம்பு மாதிரி நெளிந்தது. அவர் என் இடுப்பைப் பிடிக்கக் கூச்சப்பட்டு சீட்டின் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஒரு சின்ன இறக்கம் வந்தது. காற்று முகத்தில் அடித்தது. கால்வலியோடு இருந்த மனுஷர் பின்னால் சிரிப்பது கேட்டது.

இறக்கத்தின் முடிவில் ஒரு போலீஸ்காரர் விசில் ஊதினார்.

இரண்டு பேர் ஒரு சைக்கிளில் போவது அப்போது குற்றம். நாங்கள் இறங்கி நின்றோம். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் வீட்டுக்காரரின் பேர், தகப்பனார் பேர், உத்தியோகம் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு, தள்ளிக்கொண்டு போகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

பத்து நாள் கழித்துச் சம்மன் வந்தது. மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார். எதிரி, அதாவது என் வீட்டுக்காரர், தன் மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பொதுச்சாலையில் சைக்கிள் ஓட்டி வந்தார் என்று இருந்தது. படித்து முடித்ததும் மாமனார் மகனைப் பார்த்து, எப்போது ஓட்டக் கற்றாய் என்று கேட்டார். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் என்னவோ குத்தியது.

மாமியாருக்குக் கோர்ட் என்றாலே பயம். ஆமாம் என்று ஒத்துக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிட்டு வந்தால் காலையோடு முடிந்துவிடும் என்றார். நடக்காத ஒன்றை எப்படி ஒத்துக்கொள்வது என்றார் மாமனார். என் வீட்டுக்காரர் மாமியார் பக்கம். பெண்டாட்டி தன்னைச் சைக்கிளில் வைத்து ஓட்டிவந்தாள் என்று நாலு பேர் முன்னால் சொன்னால், மறுநாளே குட்ஸ் ஷெட்டில் கதையாகிவிடுமே என்பது அவர் கவலை. என்னை யாரும் கேட்கவில்லை. சம்மனில் என் பேரே இல்லையே.

இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் கணுக்காலுக்கு உப்பு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தேன்.

“ஏங்க, நான் பின்னால குந்திகினு வந்தேன்னு அந்தப் பேப்பர்ல எழுதியிருக்குதே,” என்றேன்.

“ஆங்.”

“நான் குந்திகினா வந்தேன்?”

அவர் ஒத்தடத் துணியைக் கீழே வைத்தார்.

“இல்ல. நான்தான் குந்திகினு வந்தேன். உன் முதுகு பூரா வேர்வையில நனைஞ்சிருந்தது. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது.” பிறகு, “கோர்ட்ல அப்படியே சொல்லிடறேன்,” என்றார்.

அப்படிச் சொன்னால் கேஸ் என் மேல் திரும்பலாம் என்றேன். திரும்பினால் திரும்பட்டும், நானும் கூட வந்து நிற்கிறேன் என்றார்.

சம்மனில் போட்டிருந்த நாளன்று கோர்ட்டுக்குச் சைக்கிளையும் தள்ளிக்கொண்டு போனோம். மாஜிஸ்ட்ரேட் வயதானவர். குற்றத்தை ஒத்துக்கொள்கிறாயா என்று கேட்டார்.

“இல்லீங்க. வண்டி ஓட்டினது என் சம்சாரம். பின்னால குந்திகினு வந்தவன்தான் நான்,” என்றார் என் வீட்டுக்காரர். காது சிவந்திருந்தது. குரல் மட்டும் தாழவில்லை.

பின்பக்கம் சிரிப்பு கிளம்பியது. மாஜிஸ்ட்ரேட் நம்பவில்லை. எழுந்து எல்லோரையும் வராந்தாவுக்கு அழைத்துப் போனார். முதலில் இவரை ஓட்டச் சொன்னார். கோர்ட் வாசலில் இருந்த வேப்பமரத்தடியில் ஏறினவர் இரண்டு மிதி மிதிப்பதற்குள் வேலிச் செடிக்குள் போய் விழுந்தார். விழ யாராலும் முடியும் என்று சொல்லிவிட்டு மாஜிஸ்ட்ரேட் என்னைப் பார்த்தார்.

புடவையைச் செருகிக்கொண்டு ஏறினேன். மரத்தை ஒரு சுற்று வந்தேன். இரண்டாவது சுற்றில் மணி அடித்தேன். மூன்றாவது சுற்றை யாரும் கேட்கவில்லை. எனக்கு இறங்க மனசு வரவில்லை.

மாஜிஸ்ட்ரேட் போலீஸ்காரரைக் கூப்பிட்டு அன்று பார்த்ததைச் சொல்லச் சொன்னார். அந்த மனுஷர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஓட்டினது அந்த அம்மாதான், ஆனால் வீட்டு ஆம்பளை பேரை எழுதுவதுதான் மரியாதை என்று நினைத்தேன் என்றார். கேஸ் தள்ளுபடி ஆயிற்று. அந்த அம்மா மேல் வேறே கேஸ் போடப் போகிறாயா என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டார்.

“இல்லீங்க ஐயா. நல்லாத்தான் ஓட்டினாங்க,” என்றார் போலீஸ்காரர்.

இனிமேல் இரண்டு பேர் போகக்கூடாது என்று மாஜிஸ்ட்ரேட் என்னைக் கண்டித்தார். கண்டிக்கும்போது அவராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

திரும்பும்போது கடைத்தெருவில் சூடாக போண்டா போட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் நின்று தின்றோம். என் வீட்டுக்காரர் தலையில் ஒரு வேலி இலை ஒட்டிக்கொண்டிருந்தது. கடைக்காரர் என்ன விசேஷம் என்று கேட்டதும் இவரே முழுக் கதையையும் சொன்னார். அதில் அந்தச் சின்ன இறக்கம் மலைப்பாதை அளவுக்கு நீண்டுவிட்டது. திங்கட்கிழமை குட்ஸ் ஷெட்டிலும் அவரேதான் முதலில் சொல்லியிருக்கிறார். அந்த வாரக் கடைசியில், அவரோடு வேலை பார்ப்பவரின் மனைவி தனக்கும் சைக்கிள் கற்றுத்தர முடியுமா என்று என்னைக் கேட்கும்படி அவரிடம் சொல்லியனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பள்ளி மைதானத்துக்கு வரச் சொல்லுங்கள் என்றேன்.