பெஞ்சில் படுத்த டீச்சர்

சிவகாசியில் அச்சாபீஸ் மாடியில் இங்கிலீஷ் பேச்சு வகுப்பெடுத்த அந்த டீச்சரம்மா ஒல்லியாக, விறைப்பாக இருப்பார். யாராவது "ஐ கேன்" என்று தொடங்கினால் உடனே செய்துகாட்டச் சொல்வார். எனக்கு எரிச்சல் தாங்காது.

ஆஸ்பத்திரி உதவியாளர் வேலைக்கு என்னை இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். "ஐ கேன் லிஃப்ட் எ பேஷண்ட்" என்று ஒரு மாதமாக ஜெபத்தோடு மனப்பாடம் செய்திருந்தேன்.

வகுப்பில் அதைச் சொன்னதும் டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பெஞ்சில் படுத்துக்கொண்டார்.

"நான்தான் நோயாளி. தூக்குங்கக்கா."

குனிந்தேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. கூடப் படித்த பட்டாசுக் கம்பெனிப் பெண்கள் சிரித்தார்கள்.

"முன்னெல்லாம் தூக்குவேன் டீச்சர்."

"அப்ப 'ஐ குட்'னு சொல்லுங்க, அது முன்ன முடிஞ்சதுக்கு. 'கேன்' இன்னைக்கு முடியுறதுக்கு."

"கர்த்தர் பெலன் தருவாரு."

"தரட்டும். தந்த பெறகு 'கேன்' சொல்லுங்க."

வீடுவரை புலம்பிக்கொண்டே போனேன்.

இண்டர்வியூவிலும் நோயாளியைத் தூக்க முடியுமா என்றுதான் கேட்டார்கள். மனப்பாடம் செய்தது தொண்டைவரை வந்தது. பெஞ்சில் கிடந்த டீச்சரம்மா கண்ணில் நின்றார். தனியாக முடியாது, இன்னொருத்தர் பிடித்தால் முடியும் என்று அரைகுறை இங்கிலீஷில் சொல்லிவிட்டேன்.

"ஒத்தையாத் தூக்கிக் கீழ போடுறவகதான் இங்க ஜாஸ்தி, நீங்க திங்கக்கெழம வாங்க" என்றார் தலைமை நர்ஸ்.

வகுப்பில் அந்தப் பெண்கள் சிரித்ததை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. டீச்சரின் பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. காலை ஜெபத்தில் "அந்தப் பெஞ்சு டீச்சர்" என்றுதான் சொல்கிறேன். கர்த்தருக்கு ஆள் தெரியும்.