தேசம்மாவுக்குக் காட்டிய வரி

போன வாரம் ஒரு கருத்தரங்கில் எனக்குச் சால்வை போட்டார்கள். போட்ட கையோடு ஓர் இளம் பேராசிரியர் திரையில் ஒரு கோட்டுப்படம் காட்டினார். என் முதல் ஆராய்ச்சிக் கட்டுரையை வருஷாவருஷம் எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற விவரம். கோடு ஏறிக்கொண்டே போயிற்று. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கோ ஃபார்மலின் நெடி மூக்கில் ஏறியது. எழுந்து ஒன்று சொல்ல நினைத்தேன். நன்றி மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

அந்த நெடி எண்பதுகளின் தொடக்கத்தைச் சேர்ந்தது. மெட்ராஸிலிருந்து ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பஸ்ஸில் பழவேற்காடு. மடியில் இருக்கும் பையில், பிடித்த மீனைக் கெடாமல் வைப்பதற்கான ஃபார்மலின் பாட்டில் கொஞ்சம் கசியும். பக்கத்தில் ஒருவரும் உட்கார மாட்டார்கள். இரண்டு பேர் சீட்டில் ராணி மாதிரி போவேன். மீன்குஞ்சின் மூளை எப்படி வளர்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. ஏரியில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, எனக்குக் குஞ்சு பிடிக்கவே வராது என்று.

பிடித்துக் கொடுத்தவள் தேசம்மா. என் வயதுதான், இருபத்தைந்து இருக்கும். ஏரித் தண்ணீரில் உட்கார்ந்து கையால் துழாவி இறால் பிடிப்பாள். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்திருப்பாள், அதனால் பேச வேண்டுமானால் எழுந்து நிற்க வேண்டும். என்னைக் கண்டால் எழுந்துவிடுவாள். ஆராய்ச்சி மாணவி என்றால் என்னவென்று விளக்கிப் பார்த்துத் தோற்றேன். கடைசிவரை நான் டீச்சர்தான்.

ஒரு மழைக்குப் பிறகு என் சோதனை குழம்பிப்போனது. அவள் வீட்டுக்குப் பின்னால் வைத்திருந்த தொட்டியில் நிழல் விழுந்தால் மடவை மீன் குஞ்சுகள் சிதறி ஓட வேண்டும். பாதி ஓடின, பாதி சும்மா கிடந்தன. ஆறு மாத வேலை போயிற்று என்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். தேசம்மா குனிந்து பார்த்தாள்.

“இன்னா டீச்சர், ரெண்டு எடத்துக் குஞ்ச ஒண்ணா உட்டுக்கிற. ஓடாததெல்லாம் ஓடை வாயில எடுத்தது. சேத்துத் தண்ணில வளந்ததுக்கு நெழலுன்னா இன்னான்னே தெரியாது. நல்ல தண்ணில உட்டாலும் தெரியாது.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“நாங்க பாக்காததா? அதுங்கள கையாலயே அள்ளலாம்.”

மெட்ராஸ் திரும்பி இரண்டு வகைக் குஞ்சுகளின் மூளையையும் மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். சேற்றில் வளர்ந்தவற்றுக்குப் பார்வைக்கான பகுதி மெலிந்திருந்தது. குஞ்சுப் பருவத்தில் கண் பார்க்காததை மூளை பிறகு கற்றுக்கொள்வதில்லை. என் வேலை, வெளிநாட்டுப் பயணம், பதவி உயர்வு எல்லாம் அவள் சொன்ன அந்த நாலு வார்த்தையில் வந்தவை.

கட்டுரையின் நன்றிக் குறிப்பில் அவள் பெயரை எழுதினேன். பிறகு நானே அடித்தேன். அடிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. இறால் பிடிக்கிறவள் சொன்னாள் என்றால் சிரிப்பார்களோ என்று பயம். பயம் மட்டும்தானா என்று இப்போது கேட்டால், இல்லை. ‘களத்தில் கட்டுரையாசிரியர் கவனித்தது’ என்று போட்டுக்கொண்டேன்.

அச்சான பிரதியைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

“எம்பேரு போட்டுக்கிறியா டீச்சர்?”

“போட்டிருக்கேன்.”

“எங்க, காட்டு.”

அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஒரு வரியில் மீனின் லத்தீன் பெயர் சாய்ந்த எழுத்தில் இருந்தது. அதன்மேல் விரலை வைத்தேன்.

“இம்மாம் நீட்டாவா வருது இங்கிலீசுல?” என்றபடி அந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

அதற்குப்பின் பழவேற்காட்டுக்குப் போவது குறைந்தது, அப்புறம் நின்றே போனது. வேலை அதிகம் என்று சொல்லிக்கொண்டேன்.

வெகு வருஷம் கழித்து அவள் மகள் என்னைத் தேடி வந்தாள். பொன்னேரியில் கல்லூரி படித்தவள். அம்மா இறந்துபோனதைச் சொல்லத்தான் வந்திருந்தாள். அந்தப் பிரதி அவர்கள் வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் இருந்ததாம்.

“காலேஜ் சேந்தப்ப எடுத்துப் படிச்சேன். அம்மா பேரு அதுல இல்ல.”

காபி டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினேன்.

“படிச்சிட்டியா, எம்பேரு இருக்குதான்னு கேட்டாங்க. இருக்குதும்மான்னு சொல்லிட்டேன்.” கோபமே இல்லாமல் சொன்னாள். காபியை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் போனாள்.

அவள் போன பிறகு ஒரு திருத்தம் எழுதி அனுப்ப உட்கார்ந்தேன். கட்டுரை வந்த இதழ் எப்போதோ நின்றுபோயிருந்தது. நாங்கள் குஞ்சு அள்ளிய ஓடை வாயும் தூர்ந்து, இப்போது அதன்மேல் லாரி போகிறதாம். தேசம்மா இல்லை. அவளிடம் நான் தொடங்கிய பொய்யைக்கூட எனக்காக அவள் மகள் சொல்லி முடித்துவிட்டாள்.