குப்பையாக இருந்தவரை எங்களுடையது

பங்குனி வெயிலில் புளியின் ஓடு உடையும்போது எழும் அந்தப் புளித்த தூசி இன்றும் என் தொண்டையில் அரிக்கிறது. எண்பதுகளில், பொம்மிடிப் பக்கத்தில் எங்கள் தெருவில், மண்டியிலிருந்து புளி மூட்டை வாங்கிவந்து வீட்டிலேயே கூலிக்குத் தட்டிக் கொடுக்காத பெண்கள் குறைவு. சதையை மண்டிக்குத் திருப்பித் தர வேண்டும். ஓட்டையும் கொட்டையையும் மண்டிக்காரர் "குப்பை" என்று எங்களிடமே விட்டுவிடுவார். ஓடு அடுப்புக்கு. கொட்டை எனக்கு, "ஒத்தையா ரெட்டையா" ஆட.

அம்மாவுக்கு அப்போதே கிட்டத்தில் இருப்பது மங்கல்தான். கொட்டை எது, விரல் எது என்று தெரியாமல் சுத்தியை இறக்குவாள். இடது கட்டைவிரல் நகம் கறுத்தே கிடக்கும். "கண்ணாடி போட்டா செரியாப் போயிரும்" என்று அவளே சொல்லிக்கொள்வாள், வாங்கமாட்டாள்.

அந்த வருடம் சேலத்திலிருந்து ரயிலில் வந்த ஒருவர், மில்லில் நூலுக்குப் போடும் கஞ்சிக்குப் புளியங்கொட்டை வேண்டும், மூட்டையாகச் சேர்த்தால் விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். தெரு சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்காமல், நான் ஆட வைத்திருந்ததையும் பிடுங்கிச் சேர்த்து, இரண்டு மூட்டை கட்டிக் கட்டிலடியில் தள்ளினாள்.

"யாருகிட்டயும் வாயத் தொறக்காத. இது என் கண்ணாடிக்கு" என்றாள்.

நான் திறந்தேன். மண்டிக்காரர் மகள் சுமதி என் வகுப்பு. ஒளித்துவைத்திருந்த ஐந்தாறு கொட்டைகளையும் அவளிடம் தோற்ற ஆத்திரத்தில், "எங்கூட்டுல ரெண்டு மூட்ட கெடக்குது, சேலத்துக்காரரு வெலைக்கு எடுக்கப் போறாரு" என்று பீற்றிக்கொண்டேன்.

மறுநாள் காலை மண்டியின் மாட்டுவண்டி எங்கள் வாசலில் நின்றது. மண்டிக்காரர் கத்தவில்லை, கெட்ட மனிதர் என்றுகூடச் சொல்ல முடியாது, அதுதான் எனக்கு இன்றும் எரிச்சல்.

"ஏம்மா, கொட்டையும் சரக்குதானே? எங்க பழத்துல வந்தது எங்களுது."

"இத்தினி வருசமா குப்பைன்னீங்களேங்க" என்றாள் அம்மா.

"வாங்க ஆளில்லாத வரைக்கும் குப்பைதாம்மா."

மண்டியைப் பகைத்தால் அடுத்த மூட்டை வராது. அம்மாவே ஒரு முனை பிடித்து, இரண்டு மூட்டைகளையும் வண்டியில் ஏற்றிவிட்டாள். அடுத்த வாரத்திலிருந்து கொட்டையையும் எல்லோரும் திருப்பித் தர வேண்டியதாயிற்று. எந்த நாக்கு சொன்னது என்று தெருவே திட்டித் தீர்த்தது. அம்மா மட்டும் கேட்கவே இல்லை, அவளுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

பல வருடம் கழித்து, என் முதல் சம்பளத்தில் தருமபுரிக்கு அழைத்துப்போய்க் கண்ணாடி போட்டுவிட்டேன். கடைக்காரர் நீட்டிய எழுத்து அட்டையை விட்டுவிட்டு, அவள் முதலில் பார்த்தது தன் கட்டைவிரலை. "இத்தினி காயமா இருக்குது!" என்றாள், வேறு யாருடைய விரலையோ பார்ப்பதுபோல. அப்போதாவது சொல்லியிருக்கலாம். எனக்குத் துணிச்சல் வரவில்லை.

இன்று அந்தத் தெருவில் சுத்திச் சத்தம் இல்லை, அம்மாவும் இல்லை. போன மாதம் ஒரு நாட்டு மருந்துக் கடையில், மூட்டுவலிக்கு என்று புளியங்கொட்டைப் பொடி பளபளக்கும் பாக்கெட்டில் தொங்கியது. விலையைப் படிக்க என் கண்ணாடியைத் தேடி எடுத்தேன். போட்டுக்கொள்ள மனம் வராமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

சுமதிகிட்ட நான்தாம்மா சொன்னேன்.