ஏழாவது மாடியில் நின்றது

இது நடந்தது. நம்பாதவர்களிடம் கெஞ்சப் போவதில்லை. என் பெயர் இவோனெட்டி. இருபத்திரண்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவள். ஒரு சத்தம் கேட்டால் அது எதிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் விட்டதில்லை. இந்த ஒன்றைத் தவிர.

பதினோரு வருடத்துக்கு முன், சாவோ பாவுலோ நகர மையத்தில், பாலத்தின் மேல், பட்டப்பகலில் ஒருவன் என் கழுத்தில் கத்தியை வைத்தான். அடுத்த மாதமே பெட்டியைக் கட்டிக்கொண்டு தெற்கே ஒரு சின்ன ஊருக்குப் போய்விட்டேன். இந்த மே மாதம்தான் திரும்பி வந்தேன். நான்கு நாள், சித்தி மகள் சிர்லேய் வீட்டில் தங்கல். வந்த காரியம் ஒன்றுதான். தனியாக மையத்துக்குள் நடந்து போக வேண்டும். உயரமான ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் நின்று, என்னைத் துரத்திய ஊரைக் குனிந்து பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் திரும்பினால் சாகும்வரை பயந்தவளாகவே இருந்துவிடுவேன்.

சனிக்கிழமை. கறுப்பு பீன்ஸும் பன்றிக்கறியும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன்.

"ரெண்டு மணிக்கு மேல அங்க ஈ காக்கா இருக்காதுக்கா" என்றாள் சிர்லேய்.

"அப்போ திருடனும் இருக்க மாட்டான்."

"வாய் மட்டும் கொறையவே இல்ல. சங்கிலியக் கழட்டு. நல்ல போன உள்ள சொருகிக்கோ. இந்தா, இது திருடனுக்கு."

சாவோ பாவுலோவில் பலர் பையில் இப்படி ஒன்று இருக்கும். வேலை செய்யாத பழைய போன். கத்தியைக் காட்டினால் அதை நீட்டிவிடுவோம்.

"கண்ணாடி கீறியிருக்கேடி?"

"ஆமா, அவன் உத்தரவாதச் சீட்டு கேக்கப் போறான்!"

மெட்ரோவில் இறங்கி நடந்தேன். கடைகள் எல்லாம் இழுத்து மூடியிருந்தன. பாலத்தின் மேல், அதே இடத்தில், வேண்டுமென்றே ஒரு நிமிடம் நின்றேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. அடித்துவிட்டுப் போகட்டும் என்று நின்றேன்.

3:38. பன்னிரண்டு மாடிப் பழைய அலுவலகக் கட்டடம். மொட்டை மாடிக்கு யாரும் போகலாம். வாசல் காவலர் ஜெனிவால் என் அடையாள அட்டை எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டார்.

"லிஃப்ட ரெண்டு மணிக்கே நிறுத்தியாச்சும்மா. படிதான். முட்டி தாங்குமா?"

"என் முட்டிய நான் பாத்துக்கறேன் தம்பி. நீ உன் வாசலப் பாரு."

3:52. ஏழாவது மாடி. முட்டி தாங்கவில்லை. இடது கால் மடங்க மறுத்தது. இன்னும் ஐந்து மாடி. படியில் உட்கார்ந்து, இறங்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அப்போது...

க்ளிக்.

அந்தச் சத்தம் எனக்கு அத்துப்படி. பழைய லிஃப்டின் வெளிக்கதவு சும்மா திறக்காது. பெட்டி அந்த மாடிக்கு வந்து நிற்கும்போது, அதன் பக்கவாட்டில் உள்ள ஒரு தகடு கதவுப் பூட்டின் நெம்புகோலை அழுத்தும். அப்போதுதான் பூட்டு விடுபடும். க்ளிக் கேட்டால் பெட்டி வந்துவிட்டது என்று அர்த்தம்.

திரும்பினேன். நடைவழியின் கடைசியில் ஒரு கதவு. அதிலிருந்த நீளக் கண்ணாடியில் மஞ்சள் வெளிச்சம். ஜெனிவால் மனமிரங்கி லிஃப்டை ஓடவிட்டார் போல என்று நினைத்தேன்.

ஆனால் கம்பிவடம் ஓடிய சத்தமே கேட்கவில்லையே...

நொண்டிக்கொண்டு போனேன். கதவுக்குப் பக்கத்தில் வழக்கமான தகட்டுப் பலகை. ஊரில் எல்லா லிஃப்டிலும் இருப்பதுதான்: 'ஏறுமுன் அது இந்தத் தளத்தில் நிற்கிறதா என்று பார்க்கவும்.' 'அது' என்று ஏதோ பேயைச் சொல்வதுபோல இருப்பதால், அந்த வார்த்தை எங்கள் பட்டறையில் பெரிய கேலி. புதிதாகச் சேர்ந்தவர்களை, "இன்னிக்கு அது எந்த மாடில நிக்குதாம்? பாத்துட்டு வா" என்று அனுப்பிவைப்போம். லிஃப்டைத்தான் சொல்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் ஊரே அதைச் சொல்லிச் சிரிக்கும்.

கதவை இழுத்தேன். திறந்தது.

உள்ளே முக்காலியில் ஒரு ஆள். சாம்பல் நிறச் சீருடை. முதுகு என் பக்கம். முகம் பின்சுவரைப் பார்த்து.

"ஏறுங்கம்மா. மேல போகுது."

காலைத் தூக்கிவிட்டேன். என் கண் மட்டும் கீழே போனது. இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

நடைவழித் தரைக்கும் லிஃப்டின் தரைக்கும் நடுவே எப்போதும் ஒரு விரல் அகலத்துக்கு இடுக்கு இருக்கும். இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் பெட்டி சுவரில் உரசாமல் ஏறி இறங்க முடியாது.

இங்கே இடுக்கு இல்லை.

நடைவழியின் கல்தரை, அதே புள்ளிகளோடு, கோடுகூட இல்லாமல் உள்ளே போயிருந்தது.

தூக்கிய காலைக் கீழே வைத்தேன். இந்தப் பக்கம்.

முகத்தில் காற்று. கீழிருந்து மேலே... ஈரக் காற்று.

"ஏறுங்கம்மா. முட்டி வலிக்குதுல்ல?"

நான் இந்த ஆளிடம் முட்டியைப் பற்றிச் சொல்லவே இல்லை.

"மொதல்ல மூஞ்சியத் திருப்பு" என்றேன்.

திரும்பவில்லை.

"பயமா?"

அந்த ஒரு வார்த்தையில் எனக்குக் கோபம் தலைக்கேறியது. பதினோரு வருடக் கோபம்.

"பயந்து ஒரு தடவ ஓடியாச்சு. இனி ஓட மாட்டேன். உன்கூட ஏறவும் மாட்டேன். உனக்கு என்ன, எதாவது வேணும், அவ்வளவுதானே? இந்தா!"

திருடனுக்கான போனை எடுத்து உள்ளே வீசினேன்.

தரையில் விழவில்லை.

தரைக்குள் போனது.

எண்ணினேன். லிஃப்ட் குழிக்குள் திருகாணி தவறி விழுந்தால், ஆழம் தெரிய நொடிகளை எண்ணுவது எங்கள் வழக்கம். ஒன்று... இரண்டு... மூன்று...

பதினொன்று.

தப்.

வெளிச்சம் அணைந்தது. கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

க்ளிக்.

3:57.

கீழே ஓடியிருக்கலாம். ஓடவில்லை. மேலே ஏறினேன். ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்து, அழுதுகொண்டே, வாயில் வந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் சொல்லிக்கொண்டே ஏறினேன். 4:16க்கு மொட்டை மாடி. தூறல். கண் எட்டும் தூரம் வரை கட்டடம். "பாத்துட்டேன்!" என்று ஊரைப் பார்த்துக் கத்தினேன்.

கீழே வந்து ஜெனிவாலிடம் சொன்னேன்.

"ஏழுல, கடைசிக் கதவா? இப்ப ஓடுறது முன்பக்கத்து லிஃப்ட். அங்க லிஃப்டே இல்லம்மா. எடுத்து முப்பது வருஷம் ஆச்சு. மாடிக்கு மாடி கான்கிரீட் போட்டு அடைச்சாச்சு. தொடப்பம் வைக்கிறோம்."

"தொறந்து காட்டு."

"மறுபடி ஏழு மாடியா?"

"ஏழு மாடிதான். வா."

சாவி போட்டுத் திறந்தார். இரண்டு துடைப்பம், ஒரு வாளி, சிமென்ட் தரை. கதவின் அடியில் தூசி கலையவில்லை. போன் இல்லை. அவரும் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்தி, சாவியை இரண்டு தடவை திருப்பிப் பூட்டினார்.

சாயங்காலம் சிர்லேய் வீட்டுச் சமையலறை. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஏழாவது மாடியிலிருந்து அடிக்குழிக்கு இருபத்தைந்து மீட்டர் என்றால், விழுவதற்கு இரண்டேகால் நொடிதான் ஆகும். நான் எண்ணியது பதினொன்று. காற்றுத் தடையைத் தாராளமாகக் கழித்தேன். சத்தம் மேலே வரும் நேரத்தையும் கழித்தேன். அப்படியும் நூற்றைம்பது மீட்டருக்குக் குறையவில்லை. அந்தக் கட்டடத்தின் மொத்த உயரமே நாற்பது.

"நீ இனி அந்தப் பக்கமே போகக் கூடாது" என்றாள் சிர்லேய்.

"திங்கக்கெழம மறுபடி போறேன். என் ஊரு. நான் நடப்பேன்."

"நடந்து தொல. சரி, போன் சுக்குநூறா ஒடைஞ்ச சத்தம் கேட்டுச்சா?"

யோசித்துப் பார்த்தேன். அவ்வளவு ஆழத்தில் விழுந்தால் கண்ணாடி சிதற வேண்டும். துண்டுகள் துள்ளித் தெறிக்க வேண்டும். எதுவும் கேட்கவில்லை. ஒரே ஒரு சத்தம்தான்.

"கணக்குப் போட்டது போதும்க்கா. இந்தா, புடி" என்று ஓர் ஆரஞ்சை என்னிடம் வீசினாள் சிர்லேய்.

உள்ளங்கையில் பிடித்தேன்.

தப்.

அதே சத்தம்.