முழு மார்க் ஐம்பத்தொன்பது

லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தாழ்ப்பாள் என்று பெயர் வைத்தது அவருடைய கூட்டாளிகள்தான். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவார். திரும்பி வந்து கதவை இழுத்துப் பார்ப்பார். பால் பொங்கினால்கூட, தானாகப் பொங்கியதா, யாராவது அடுப்பைக் கூட்டி வைத்தார்களா என்று யோசிக்கிற ஆள். தொழில் அப்படி. கதவு முழுசாக மூடாமலே 'மூடிவிட்டேன்' என்று விளக்குக் காட்டும் லிஃப்டுகளோடு பாதி ஆயுளைக் கழித்தவருக்கு வேறு எப்படிப் புத்தி போகும்? பச்சை விளக்கை நம்பி அவர் ஒருநாளும் காலை உள்ளே வைத்ததில்லை.

அவர் மனைவி நர்ஸ். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன மருத்துவ நிலையத்தில் வேலை. திங்கட்கிழமை பஸ் ஏறினால் சனிக்கிழமைதான் வீடு. போன மழைக்காலத்தில் மண் சரிந்து ரோடு அடைபட்டது. போன் டவரும் படுத்துவிட்டது. அவள் இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாமல் இவர் மலையடிவாரத்தில் பேயறைந்த மாதிரி நின்றார். ரோடு திறந்த பிறகு அவள் முழுசாக வந்து இறங்கி, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். இவருக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது ஒரே போடாகப் போட்டார். "போன் செத்தாலும் உன் குரல் எனக்குக் கேக்கணும், என் குரல் உனக்குக் கேக்கணும். இல்லன்னா அந்த வேலைய எழுதிக் குடுத்துட்டு வந்துடு."

அவள் எதிர்ப்பேச்சுப் பேசவில்லை. அடுத்த வாரமே போன் டவர் இல்லாமலே பேசிக்கொள்ள உதவும் ஹாம் ரேடியோவின் லைசென்ஸ் பரீட்சைக்கு இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தாள். இருவரும் பாஸ். அவளுக்குக் கூடுதல் மார்க். தாள் திருத்தியவர் மேல் இவருக்கு இன்றுவரை ஒரு கண் உண்டு.

ரேடியோ கிளப்காரர்கள் மருத்துவ நிலையத்தில், எல்லா அலைவரிசைகளையும் ஒருசேரக் கேட்கிற ஒரு பெரிய செட்டையும் மாடியில் உயரமான ஆன்டெனாவையும் வைத்துக் கொடுத்தார்கள். இவர் இன்று ஒரு கட்டடம், நாளை ஒரு கட்டடம் என்று அலைகிறவர். இடுப்பில் மாட்டிக்கொள்ள ஒரு கையடக்கச் செட் வேண்டும். அங்கேதான் ஆரம்பித்தது வினை.

கடைக்காரர் மூன்று செட்டுகளை மேஜையில் வைத்தார். முதலாவது வண்ணத் திரையோடு மினுமினுத்தது. இரண்டாவது கனமாக இருந்தது; தண்ணீரில் போட்டாலும் வேலை செய்யும் என்றார். இரண்டிலும் இரண்டு அலைவரிசைகள். மூன்றாவது பார்க்கக் கட்டைக்குட்டை. ஆனால் மூன்று அலைவரிசை. ஆறு மீட்டர் என்று, மேட்டைக் கொஞ்சம் வளைந்து தாண்டுகிற நீள அலை ஒன்று கூடுதல். அதற்கென்று ஒரு முழ நீளத்துக்கு ஆன்டெனா.

"முதல் செட்ட எடுத்துக்குங்க சார். இப்ப எல்லாரும் இதத்தான் வாங்குறாங்க" என்ற கடைக்காரர், கடைப் பையனிடம் ஒன்றைக்கூடக் கொடுக்காமல் இரண்டு கையிலும் இரண்டைப் பிடித்துக்கொண்டு, "ஹலோ, ஹலோ" என்றார். "பாத்தீங்களா? கணீர்னு கேக்குது."

"நீங்க செட்டே இல்லாமக் கத்தினாலும் எனக்குக் கேக்கும்" என்றார் தாழ்ப்பாள். எல்லாரும் வாங்குகிற பொருளை இவர் எதற்கு நம் தலையில் கட்டப் பார்க்கிறார்? அடையாள அட்டையைக் கடையில் வைத்துவிட்டு, மூன்றையும் ஒருநாள் இரவலாக வாங்கிக்கொண்டு வந்தார்.

புதன்கிழமை மத்தியானம், அவளிடம் போனில் சொல்லி வைத்தபடி, தான் வேலை பார்த்த கட்டடத்தின் மொட்டைமாடியில், லிஃப்ட் மோட்டார் அறைக்குப் பக்கத்தில் நின்றார். எதிரே மலை. அதற்கப்பால் அவள்.

ரேடியோக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எதிராளியின் குரல் எப்படிக் கேட்கிறது என்று இரண்டு எண்களில் மார்க் போடுவார்கள். தெளிவுக்கு ஐந்து வரை, பலத்துக்கு ஒன்பது வரை. ஐம்பத்தொன்பது என்றால் முழு மார்க். ஆனால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தாலும் பெரும்பாலானவர்கள் ஐம்பத்தொன்பதுதான் கொடுப்பார்கள், விருந்துக்கு வந்தவர்கள் 'சாப்பாடு பிரமாதம்' என்று சொல்லிவிட்டுப் போகிற மாதிரி.

முதல் செட்டில் பேசினார். "கேக்குதா? எவ்வளவு? ஓவர்."

"ஐம்பத்தொம்போதுங்க. ரொம்பத் தெளிவா இருக்கு. ஓவர்." பெரிய செட்டாயிற்றே, அவள் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவது போல வந்தது.

இரண்டாவது செட். அதற்கும் ஐம்பத்தொன்பது. அதுவும் இவர் பேசும் பட்டனை விட்ட மறு நொடியே. தாழ்ப்பாள் எதிரே பார்த்தார். மலை இவ்வளவு பெரிசாக நிற்கிறது. இரண்டு செட்டுக்கும் ஒரே மார்க்கா? கடைக்காரன் இவளிடமும் பேசி வைத்துவிட்டானா?

மறுபடி அதே செட்டின் பட்டனை அழுத்தினார். வாயைத் திறக்கவில்லை. ஒரு முழு வாக்கியம் பேசுகிற நேரம் அப்படியே பிடித்திருந்துவிட்டு விரலை எடுத்தார்.

"நீங்க சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுச்சுங்க. ஐம்பத்தொம்போது. ஓவர்."

கல்யாணமான நாளிலிருந்து தாழ்ப்பாளை இழுத்துப் பார்க்காமல் அவர் நம்பிய ஒரே ஆள் அவள். "நான் பேசவே இல்லையே!" என்று கத்தினார். "சரிங்க, நல்லாக் கேக்குது" என்று பதில் வந்தது. சண்டை போடக்கூட உதவாத செட்! அதைத் தரையில் வைத்துவிட்டு மூன்றாவதை எடுத்தார். நீள ஆன்டெனாவைத் திருகினார். ஆறு மீட்டருக்கு மாற்றினார். அந்த அலைவரிசையை யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பது அவருக்கு நினைவே இல்லை.

"நான் வாயத் திறக்கல! எதுக்குடி பொய் சொன்ன? ஓவர்!"

வெறும் இரைச்சல். நெடுநேரம் இரைச்சல். பிறகு அவள் குரல், தயங்கித் தயங்கி. "பாதிதான் கேட்டுச்சு. பொய்னு சொன்னது கேட்டுச்சு. இது முப்பத்திரண்டு. மத்த ரெண்டுலயும் ஒண்ணுமே புரியலங்க. இரைச்சல் மாறுறத வச்சு, பேசுறீங்கன்னு மட்டும் தெரிஞ்சுது."

"அப்ப ஏன்?"

"கேக்கலன்னு சொன்னா வேலைய விடச் சொல்லுவீங்க. இங்க என்னை விட்டா வேற நர்ஸ் இல்ல. ஓவர்."

தாழ்ப்பாள் மோட்டார் அறைச் சுவரில் சாய்ந்தார். கடைக்காரரை, தாள் திருத்தியவரை, பொங்கிய பாலை, பச்சை விளக்கை என்று எல்லாரையும் சந்தேகப்பட்டவருக்குத் தன் மேல் மட்டும் இதுவரை சந்தேகம் வந்ததில்லை. அவளைப் பொய் சொல்ல வைத்தது அவர்தான். ரோடு அடைபட்டுக் கிடக்கிற நாளில், அந்த மினுமினுப்புச் செட்டை வைத்துக்கொண்டு இங்கே இவர் பேசிக்கொண்டே இருந்திருப்பார்; அங்கே அவள் தனியாக ஐம்பத்தொன்பது போட்டுக்கொண்டே இருந்திருப்பாள்.

பட்டனை அழுத்தினார். "இந்தச் செட்டத்தான் வாங்கப் போறேன். கரகரன்னு இருந்தாலும் பரவால்ல, உள்ளத உள்ளபடி சொல்லு. வேலைய விட வேணாம். நான் அப்படிச் சொன்னது தப்பு. ஓவர்."

இரைச்சல். அதற்குள்ளிருந்து அவள்: "கடைசியில வேலையப் பத்தி என்னமோ சொன்னீங்க. விட்டுப்போச்சு. இன்னொரு தடவை சொல்லுங்க. ஓவர்."

அழுத்தப் போன விரல் நின்றது. அவள் குரலில் சிரிப்பு ஒளிந்திருக்கிற மாதிரி இருந்தது. முதல் தடவையே முழுசாகக் கேட்டிருப்பாளோ? இருக்கும், இருக்கும் என்று தோன்றியது.

செட்டை வாய்க்கு நெருக்கமாக வைத்துக்கொண்டு, இன்னும் சத்தமாக, முதலிலிருந்து சொன்னார்.